அடிச்சு ஆடறவங்க பேட்டு

அதை வெச்சிருங்க. அந்தக் கட்டை வேண்டாமுங்க. கையில எடுத்தா பூ மாதிரி இருக்குதேன்னு பாக்கறீங்க. நானும் அப்படிப் பாத்து ஏமாந்தவதான். அது தடுத்து ஆடறவங்களுக்கு. அடிச்சு ஆடறவங்களுக்கு ஆகாது. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. கடைக்கார அந்தோணிராஜ் அண்ணன் உள்ள என்ற பேட்டுக்கு ரப்பர் ஒட்டீட்டு இருக்காரு. பசை காயாம வெளிய வர மாட்டாரு. அதுக்குள்ள நான் சொல்லிர்றேன். அவரைவிட எனக்கு நல்லாத் தெரியும், அவரே ஒத்துக்குவாரு. முன்னல்லாம் நான் எதைக் கேட்டாலும் "இது உங்களுக்கு வேண்டாம் மேடம், அது வேண்டாம் மேடம்"னு மறுத்துட்டே இருப்பாரு. இப்ப எதைக் காட்டினாலும் பேசாம எடுத்துக் குடுத்துர்றாரு. கத்துக்கிட்டாரு.

முதல்ல பிளேடுன்னா என்னன்னு தெரியுமுங்களா? நான் பிளேடு வாங்கப் போறேன்னு சொன்னப்ப என்ற வீட்டுக்காரரு, "ஏன், என்ற சவரப் பெட்டியில புதுசு இருக்குதே"ன்னாரு. சிரிக்கறதுக்காகச் சொல்லலைங்க. நிஜமாவே எந்திரிச்சு எடுத்துக் குடுக்கப் போனாரு. அப்படிப்பட்ட மனுசன். டேபிள் டென்னிஸ் பேட்டுல ரெண்டு பக்கமும் ரப்பர் இருக்குதுல்லீங்க, அதை உரிச்சா உள்ள வெறும் கட்டை. அதுதான் பிளேடு. அஞ்சு அடுக்கு, ஏழு அடுக்குன்னு மரத்தகடா ஒட்டிப் பண்றாங்க. நடுவுல கார்பன் வெச்சு ஒட்டினது இன்னொரு ரகம். மரம் மட்டும்னா பந்து கொஞ்சம் தங்கி, யோசிச்சுப் போகும். கார்பன்ல அந்த யோசனையெல்லாம் கிடையாது. நம்ம குணத்துக்கு எது சேரும்னு பாத்துத்தான் எடுக்கணும்.

என்ற குணம் சின்ன வயசுல இருந்தே அடிச்சு ஆடற குணமுங்க. அரசாங்க ஆபீஸ்ல சூப்பிரண்டா இருக்கேன். கனகவல்லின்னு பேரைச் சொன்னாலே அந்த மாடி அமைதியாயிரும். என்ற மேசைக்கு வந்த ஃபைல் தங்காது. என்ன குறைன்னு பாத்து வந்த வழியே அனுப்பிச்சிருவேன். எனக்குக் கீழ இருக்கற அத்தனை பேரும் தடுத்து ஆடறவங்க. "சரிங்க மேடம், பாக்கறேன் மேடம்." அவ்வளவுதான் அவங்க ஆட்டம்.

சக்கரை வந்ததுக்கு அப்பறம்தான் இந்த விளையாட்டு. டாக்டர் நடக்கச் சொன்னாரு. நடக்கறதுல எனக்கு நம்பிக்கை இல்லீங்க. நடந்து போயி மறுபடி அதே இடத்துக்குத்தானே வரணும். எங்க அபார்ட்மென்ட்டுல கார் நிறுத்தற பேஸ்மென்ட்டுல, ஜெனரேட்டர் பக்கத்துல ஒரு டேபிள் சும்மா கிடந்துச்சு. அசோசியேஷன்ல சொல்லித் தூசி தட்ட வெச்சேன். டேபிள் தயார். எதுத்தாப்புல நிக்க ஆள் வேணுமே. வீட்டுக்காரரு ஒரு நாள் நின்னாரு. பந்து நெத்தியில பட்டுச்சு. அடுத்த நாள்ல இருந்து முழங்கால் வலின்னுட்டாரு. நெத்தியில பட்டா முழங்கால் எப்படிங்க வலிக்கும்?

அப்பத்தான் மரகதம் ஞாபகம் வந்துச்சு. மரகதம் என்ற நாத்தனாரு. வீட்டுக்காரரோட தங்கச்சி. திருப்பூர்ல கட்டிக் குடுத்திருந்தாங்க. அவ வீட்டுக்காரன் இன்னொருத்தியோட தனியாக் குடும்பம் வெச்சுட்டான். இவ துணிமணியோட எங்ககிட்ட வந்துட்டா. வந்து வருசக்கணக்காச்சு. நான் ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க. "இருக்கட்டும், ஒரு ஆளுக்குச் சேத்துச் சோறாக்கறதுல என்ன கஷ்டம் வந்துரப் போகுது"ன்னு அவ காதுபடவே எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். அந்தச் சோறையும் அவதான் ஆக்குவா, வெச்சுக்கங்க. அது அவளுக்குப் பிடிக்கும். நான் கேட்டதில்லை, ஆனா பிடிக்கும்.

அண்ணன் எனக்கு முதல்ல குடுத்தது நீங்க கையில வெச்சிருந்தீங்களே, அதே மாதிரி அஞ்சு அடுக்கு மரம். "எப்படி ஆடுவீங்க மேடம்?"னு கேட்டாரு. "அடிச்சு ஆடுவேன்"னேன். "அடிக்கறதுக்கு முன்னாடி பந்து டேபிள்ல விழப் பழகணும், இதுல ஆரம்பிங்க"ன்னாரு. எனக்கு மனசு விட்டுப்போச்சு. ஆனாலும் வாங்கினேன். ஒரே வாரத்துல தெரிஞ்சு போச்சுங்க, அது எனக்குச் சேராதுன்னு. நான் நினைக்கற வேகத்துக்கு அந்தக் கட்டை நினைக்க மாட்டேங்குது. சும்மா கிடக்கறதுக்கு, "இந்தா மரகதம், நீ இதுல ஆடு"ன்னு குடுத்தேன். என்ற கையால குடுத்தது. அதை நீங்க மனசுல வெச்சுக்கணும்.

அப்பறம் நான் ஏழு அடுக்குக்குப் போனேன். அடிச்சு ஆடறவங்க பேட்டு எடுக்கறப்ப விரல் முட்டியால தட்டிக் காதுல வெச்சுக் கேளுங்க. டொக்குன்னா மெதுவு. டங்குன்னா வேகம். அப்பறம் தலைப்பக்கம் கனமா இருக்கணும், அப்பத்தான் அடி இறங்கும். நான் இதைச் சொன்னப்ப அண்ணன், "உங்களுக்குத் தலைக்கனம் சரியா வரும் மேடம்"னாரு. என்ன இருந்தாலும் அனுபவஸ்தர்.

ஆபீஸ் விட்டு வந்ததும் "மரகதம், கீழ வா"ன்னு ஒரு குரல் குடுப்பேன். அடுப்பை அணைச்சுட்டு, கையைச் சேலையில துடைச்சுட்டு வருவா. நின்ன இடத்துல நின்னு திருப்பிப் போடுவா. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிஞ்சது. ஆனா ஒண்ணு சொல்லணும், ஒவ்வொரு பந்தும் என்ற வலது கைப்பக்கமா, இடுப்பு உசரத்துக்கு, அடிக்க வாகா அதே இடத்துக்கு வரும். நான் எங்க அடிச்சாலும் அங்கதான் வரும். அது எப்படியோ தானா அமைஞ்சிருச்சுங்க. அதுல நாலு பந்து டேபிள்ல விழும், மிச்சம் கார்களுக்கு அடியில போயிரும். மரகதம் குனிஞ்சு படுத்து எடுத்துட்டு வருவா. "நல்ல ஷாட்டு அண்ணி, ஒரு நூலுல போச்சு"ம்பா. அவளே சொல்றா, ஒரு நூலுல போச்சுன்னு. அப்ப கோளாறு யாருகிட்ட? கட்டைகிட்டத்தானே? அதனால கட்டையை மாத்துவேன். ஒண்ணு மெதுவா இருக்கும். ஒண்ணு வேகமா இருந்தாலும் கைப்பிடி தடியா இருக்கும். மழைக்காலத்துல ஈரத்துல எல்லாமே ஊறிப்போயிரும். ஜெனரேட்டர் ஓடினா அந்த அதிர்வு வேற டேபிளுக்கு வரும். நான் அசோசியேஷன்ல சொன்னேன், பொழுதோட நான் ஆடற அந்த ஒரு மணி நேரம் கரண்ட் போனாலும் ஜெனரேட்டர் போடாதீங்கன்னு. லிப்ட்டுல மாட்டறவங்க சத்தம் போடுவாங்கன்னு மாட்டேன்னுட்டாங்க. விளையாட்டைப் பத்தி யாருக்கு இங்க அக்கறை?

போன வருசம் மாவட்டத்துல மூத்தோர் போட்டி வெச்சாங்க. நாப்பது வயசுக்கு மேல இருக்கற பொம்பளைங்களுக்கு இரட்டையர் ஆட்டமும் உண்டு. மரகதத்தை ஜோடியாப் போட்டு நான்தான் பேர் குடுத்தேன். அவகிட்டச் சொன்னேன். "நான் வேண்டாமே அண்ணி"ன்னா. "பயப்படாத, நீ பந்தை அந்தப் பக்கம் போட்டாப் போதும், அடிக்கறதை நான் பாத்துக்கறேன்"னேன். சரின்னு அடுப்படிக்குப் போயிட்டா.

இரட்டையர்ல ஒரு விதி இருக்குதுங்க. ஜோடியில ஒருத்தர் மாத்தி ஒருத்தர்தான் அடிக்கணும். ஒரு பந்து நான், அடுத்தது அவ, மறுபடி நான். எனக்கு அது பெரிய கஷ்டமாப் போச்சு. ஒண்ணு விட்டு ஒண்ணு அவகிட்டப் போயிருதே. ஆனாலும் ஜெயிச்சோம். ஒவ்வொரு ஆட்டமா ஜெயிச்சு ஃபைனலுக்கே போயிட்டோம். எப்படின்னா, மரகதம் போடற பந்துல எதிராளிங்க என்னமோ தடுமாறுவாங்க. மெதுவாத்தான் போகும், ஆனா வலையில அடிச்சுக்குவாங்க. எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. அடுத்த பந்து கனகவல்லி அடிக்கப் போறாளேங்கற பயம். அந்தப் பதட்டத்துல இவ பந்தையே விட்டுர்றாங்க.

ஃபைனலுக்கு மொத நாள் இங்க வந்து கார்பன் வாங்கினேன். அண்ணன் அந்த ஒரு தடவை வாயைத் திறந்தாரு. "நாளைக்கு ஆட்டத்தை வெச்சுட்டு இன்னைக்குப் புதுக் கட்டை வேண்டாம் மேடம்." நான் பாத்த பார்வையில ரப்பரை எடுத்து ஒட்ட ஆரம்பிச்சுட்டாரு.

ஃபைனல்ல எதுத்தாப்புல ஃபிலோமினான்னு ஒரு டீச்சர். பொள்ளாச்சியில ஸ்கூல் ஒண்ணுல விளையாட்டு டீச்சரா இருந்து, இப்ப சொந்தமாப் பயிற்சி மையம் வெச்சு நடத்தறாங்க. அவங்களும் அவங்க ஜோடியும் வந்து நின்னாங்க. பந்து தட்டிப் பாக்கறப்பவே அந்த டீச்சர் மரகதத்தோட கையையே பாத்துட்டு இருந்தாங்க. நான் என்ற கார்பனைப் பாக்கறாங்கன்னு கொஞ்சம் தூக்கிக் காட்டினேன். அவங்க கண்ணு திரும்பலை.

ஆட்டம் ஆரம்பிச்சுது. மொத செட்டு எங்களுக்கு. அப்பறம் அந்த டீச்சருக்கு ஏதோ யோசனை வந்துச்சு. மரகதம் போடற பந்தைக் கஷ்டப்பட்டு எடுத்து, என்ற பக்கமா உசரத் தூக்கித் தூக்கிப் போட ஆரம்பிச்சாங்க. பயமுங்க. என்னைக் கண்டு அவ்வளவு பயம். பல்பு மாட்டற உசரத்துக்குத் தூக்கிப் போடறாங்க. அந்த மாதிரி பந்து எனக்குன்னே வர்றது. நான் விடுவனா? ஒவ்வொண்ணையும் அடிச்சேன். கார்பன் பேசுச்சுங்க அன்னைக்கு. பந்து டேபிளைத் தாண்டி, தடுப்புப் பலகையைத் தாண்டி, பக்கத்து ஆட்டத்துக்கே போயிருச்சு. அம்பயரு கையில இருந்த டீத்தம்ளர் கவுந்துச்சு. அந்த வேகத்தை அந்த அரங்கத்துல யாரும் பாத்திருக்க மாட்டாங்க.

கடைசி செட்டுல சரிக்குச் சரியா வந்துச்சு. மரகதம் என்ற பக்கத்துல வந்து, வாயைக் கையால மறைச்சுட்டுச் சொன்னா:

"அண்ணி, இந்த ரெண்டு பந்தும் அடிக்க வேண்டாம். மெதுவா அந்தப் பக்கம் வெச்சிருங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"நீ என்னத்தடி பாப்ப?"ன்னு கேட்டேன்.

அவ என்னமோ சொல்ல வந்தா. அதுக்குள்ள அம்பயரு கூப்பிட்டுட்டாரு. சரி, ஆசைப்படறாளேன்னு ஒரே ஒரு பந்தை மெதுவா வெச்சேன். அவங்க எடுத்துப் போட்டதை மரகதம் என்னமோ பண்ணினா. எனக்குச் சரியாத் தெரியலை, நான் நகந்து நின்னுட்டு இருந்தேன். சத்தம்தான் கேட்டுச்சு. பந்து அந்த டீச்சரைத் தாண்டிப் போயிருச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. நான் வெச்ச பந்து அவ்வளவு நல்லா அமைஞ்சிருச்சு, பாருங்க. அடுத்த பந்து உசர வந்துச்சு. அதையும் மெதுவா வெக்கச் சொல்றா. நீங்களே சொல்லுங்க, கையில கார்பனை வெச்சுட்டு, தலைக்கு மேல வர்ற பந்தை மெதுவா வெக்கறதுக்கு எனக்கென்ன தலையெழுத்து? அடிச்சேன். ஒரு நூலுல போச்சு. அதுக்கு அடுத்த ரெண்டும் ஒரு நூலுல.

தோத்துட்டோம். நான் வருத்தப்படலை. எல்லாருக்கும் கை குடுத்துட்டு, பேட்டோட ஓரம் ஏதாச்சும் அடிபட்டிருக்குதான்னு பாத்துட்டு இருந்தேன். பக்கத்துல அந்த டீச்சர் மரகதத்தோட ரெண்டு கையையும் பிடிச்சுட்டு நிக்கறாங்க.

"நிர்மலா காலேஜ் டீமுல ஆடின மரகதம்தானே? நான் ஜூனியர். யுனிவர்சிட்டி மேட்சுக்கெல்லாம் உங்க பின்னாடி பையைத் தூக்கிட்டு வருவனே. ஏன் இப்படிக் கையைக் கட்டிட்டு ஆடறீங்க?"

மரகதம் சிரிச்சா. "ரொம்ப வருசமாச்சு ஃபிலோ"ன்னா. அவ கண்ணு கலங்கியிருந்துச்சு. தோத்ததுக்கு அழறாளேன்னு நான்தான், "விடு மரகதம், உன்ற தப்பில்லை"ன்னு சமாதானம் சொன்னேன்.

காரு ஏறினதும் கேட்டேன். "நீ காலேஜ்ல ஆடினியா? சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கலைங்களே அண்ணி"ன்னா.

நான் வீட்டுக்காரரைத் திரும்பிப் பாத்தேன். ஓட்டிட்டு இருந்தாரு. "ஆடினா, ஆடினா. கப்பெல்லாம் வாங்குவா. அவளைக் கட்டிக் குடுத்தப்ப அப்பா எல்லாத்தையும் பரண்ல போட்டுட்டாரு"ன்னாரு. எத்தனை வருசமா ஒரே வீட்ல இருக்கறோம், இந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க. சொல்லியிருந்தா அவளுக்கு இன்னும் நல்லாக் கத்துக் குடுத்திருப்பேன்.

அதுக்கு அடுத்த மாசம் மரகதம் பொள்ளாச்சிக்குப் போயிட்டா. அந்த டீச்சர் மையத்துல சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்ற வேலை. தங்கறதுக்கு மாடியில ஒரு ரூமு. "எதுக்கு மரகதம், இங்க உனக்கு என்ன குறை?"ன்னு கேட்டேன். "ஒரு குறையும் இல்லீங்க அண்ணி"ன்னா. அப்பறம் எதுக்குப் போகணும்? நன்றி இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். நான் அப்படிச் சொல்றவ இல்லை. ஆபீஸ்ல, அபார்ட்மென்ட்டுல, சொந்தக்காரங்ககிட்ட, யாருகிட்டப் பேசினாலும் "நன்றி இல்லாதவன்னு நான் சொல்ல மாட்டேன்"னுதான் சொல்றேன்.

போன மாசம் அவளைப் பாக்கப் போனேன். சும்மா போகலை. ஒரு கார்பன் கட்டை வாங்கிட்டுப் போனேன். இன்னும் அந்த அஞ்சு அடுக்கு மரத்துலயே ஆடிட்டு இருப்பாளேன்னு ஒரு இரக்கம். அங்க போனா, வாசப்படி ஏறறப்பவே சிரிக்கற சத்தம் கேக்குது. உள்ள பிள்ளைங்களுக்கு நடுவுல மரகதம் நின்னு சிரிச்சுட்டு இருக்கறா. ட்ராக் பேண்ட்டு போட்டுட்டு. அவளுக்கு அவ்வளவு சத்தமாச் சிரிக்க வரும்னே எனக்குத் தெரியாது. வேலை அதிகம் போல, பாவம்.

என்னைப் பாத்ததும் ஓடி வந்து கையைப் பிடிச்சுட்டா. டீ போட்டுக் குடுத்தா. "வாங்க அண்ணி, ஒரு செட்டு ஆடலாம்"னு அவளே கூப்பிட்டா. பழைய ஞாபகத்துக்குத் திருப்பிப் போடுவாளாக்கும்னு நானும் போயி நின்னேன்.

அடிச்சா பாருங்க. மொத பந்தே அடி. ரெண்டு எட்டு பின்னாடி போயி, இடுப்பைத் திருப்பி, கீழ இருந்து மேல ஒரு இழுப்பு. பந்து வளைஞ்சு வந்து என்ற முன்னாடி விழுந்து அப்படியே பாஞ்சு போகுது. நான் பேட்டை நீட்டறதுக்குள்ள பின்னாடி சுவத்துல சத்தம் கேக்குது. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. பிள்ளைங்கெல்லாம் சுத்தி நின்னு பாக்குது. எனக்கு மூச்சு வாங்கிருச்சு. டேபிளைப் பிடிச்சுட்டு நின்னு கேட்டேன்.

"ஏம் மரகதம், நீ அடிச்சு ஆடறவளா? எங்க வீட்ல ஒரு நாளும் அடிக்கலையே?"

அவ பந்தைக் கையில உருட்டிட்டே நின்னா. கோபமெல்லாம் இல்லீங்க, சாதாரணமாத்தான் சொன்னா.

"உங்க வீட்ல நீங்க அடிக்கறதுக்குத்தானே அண்ணி நான் நின்னேன்."

அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு விளங்கலை. நல்ல விதமாச் சொன்னாளா, வேற மாதிரிச் சொன்னாளா தெரியலை. அவ பேட்டைக் கேட்டு வாங்கித் தட்டிப் பாத்தேன். டொக்குன்னு அதே பழைய மரம். அதுல அவ்வளவு வேகம் வராதுங்க, எனக்குத் தெரியாதா? டேபிள்ல ஏதோ இருக்குது. நான் குடுத்த கார்பனைப் பிள்ளைங்க யாருக்காவது குடுக்கலாமான்னு கேட்டா. குடுத்துக்கோன்னுட்டு வந்துட்டேன்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து டிவி பாத்துட்டு இருந்த வீட்டுக்காரர்கிட்டக் கேட்டேன். "ஏனுங்க, நான் மரகதத்தை ஏதாச்சும் மனசு நோகப் பேசியிருக்கறனா?" அவரு ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டி வெச்சாரு. காது மந்தமாயிட்டு வருது அவருக்கு. டாக்டர்கிட்டக் காட்டணும்.

இப்பவும் பொழுதோட கீழ போறேன். டேபிள்ல ஒரு பாதியை மடக்கிச் செங்குத்தா நிறுத்திட்டு அதுமேல அடிக்கறேன். அதுவும் திருப்பித்தான் தருது. ஆனா எங்கெங்கயோ தருது. காருக்கடியில போன பந்தை நானே குனிஞ்சு எடுக்கறேன். எடுத்துட்டு நிமிந்தா அங்க பேச ஆளில்லை. ஜெனரேட்டர்தான் இருக்குது.

அடுத்த மாசம் மறுபடி மாவட்டப் போட்டி. ஒத்தை ஆட்டத்துல மொத ரவுண்டே எனக்கு யாரோட விழுந்திருக்குதுன்னு நினைக்கறீங்க? மரகதத்தோட. அதுக்குத்தான் இப்ப இருக்கறதுலயே வேகமானதை ஒட்டச் சொல்லியிருக்கேன். பாருங்க, பசை காஞ்சிருச்சு போல, அண்ணன் ரப்பரை வெட்டற சத்தம் கேக்குது. இனி உங்களைக் கவனிப்பாரு. நான் இவ்வளவு நேரம் பேசிட்டு உங்களை ஒண்ணும் கேக்கவே இல்லை. யாருக்குங்க பேட்டு, உங்களுக்கா?

பொண்ணுக்கா. பெரிய பொண்ணா? ஸ்கூல்ல ஆடறாளா, சரி. எப்படி ஆடுவா, அடிச்சு ஆடுவாளா, தடுத்து ஆடுவாளா?

தெரியாதா? என்னங்க இது. கூடவே ஒரே வீட்ல இருக்கற பிள்ளை எப்படி ஆடும்னு கூடத் தெரியாம, எந்தத் தைரியத்துல பேட்டு எடுக்க வந்தீங்க?